மூலக்கூறுக்குக் கருமாதிச் சாப்பாடு

ஹவுரா ஸ்டேஷனில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒரு சண்டை வாய்த்துவிட்டது. மஞ்சள் டாக்ஸிக்காரர் டாக்குரியா என்றதும் தலையை ஆட்டி ஏற்றிக்கொண்டார். பாலம் தாண்டியதும் டாக்குரியாவில் எந்த இடம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் டாக்ஸி பிடிக்கிறேன்? நான் தமிழில் கத்தினேன், அவர் வங்காளத்தில் கத்தினார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓரமாக நிறுத்தி, மண்குவளையில் எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என் போனை வாங்கி அக்கா மகள் நித்யாவிடம் வழி கேட்டுக்கொண்டார். இறங்கும்போது பழைய சொந்தக்காரர் மாதிரிக் கும்பிட்டார். எங்கள் பாளையங்கோட்டையில் இப்படி ஒரு சண்டைக்கு டீ கிடைக்காது, போலீஸ் வேண்டுமானால் வரும்.

என் தொழில் ஆயுள் காப்பீட்டு முகவர். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாவுக்கு ஏற்பாடு செய்ய வைக்கிற வேலை. நான் பேசினால் கல்லும் கரையும் என்று என் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் என்னைக் கல்கத்தாவுக்கு அனுப்பினாள்.

அக்காவின் ஒரே மகள் நித்யா. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறாள். சேர்ந்து ஆறாவது வருஷம் நடக்கிறது. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனி அவளுக்கு வேலையைத் தயாராக வைத்திருந்தது. சித்திரைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் உடனே சேர்ந்துவிடலாம். அத்தான் போனதிலிருந்து அக்கா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். "ஏட்டி, நேர்ல போயிப் பாரு. முடிக்கப்போறாளா, இல்ல அங்கயே கெடக்கப்போறாளா? பேசுத வெதத்துல பேசி கூட்டிட்டு வந்துரு" என்பதுதான் எனக்கிட்ட உத்தரவு.

நித்யா குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் மாஷிமா என்கிறார்கள். மார்கழி மாசம். குளிர் என்று சொல்லிக்கொள்ளும்படி எனக்கு எதுவும் தெரியவில்லை. மாஷிமாவோ என்னைப் பார்த்ததும் பதறிப்போய், தன் பேரனுடைய குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டிவிட்டார். "அவங்க ஊர்ல குளிர் காது வழியாத்தான் உள்ள போகும் சித்தி, பேசாம போட்டுக்க" என்றாள் நித்யா. அப்புறம் பூரி மாதிரி வெள்ளை வெளேரென்று லுச்சியும், கூடவே உருளைக்கிழங்கும் வந்தன. கல்கத்தாவில் எதைக் கேட்டாலும் கூட ஒரு உருளைக்கிழங்கு வருகிறது. பிரியாணியில்கூட முழுசாக ஒன்று கிடந்தது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

மறுநாள் நித்யாவோடு அவள் ஆய்வகத்துக்குப் போனேன். அமைதியாக, மருந்து வாசனையோடு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. ஒருத்தி கிண்டுகிறாள், ஒருத்தன் வடிகட்டுகிறான், ஒருத்தன் எதையோ கொதிக்கவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்கிறான். அவரவர் பாத்திரத்தை அவரவர்தான் கழுவுகிறார்கள். பட்டம் வாங்கினவர், வாங்காதவர் என்ற பேச்சே இல்லை. எல்லாரும் என்னோடு இங்கிலீஷில் பேசினாலும் "மாஷி" என்றுதான் கூப்பிட்டார்கள். சித்திக்கு வங்காளத்தில் அதுதான் பேராம். என் சொந்தத் தங்கை பிள்ளைகள்கூட என்னை இத்தனை வாய் நிறையக் கூப்பிட்டதில்லை.

குழுவின் தலைவி சுதேஷ்ணா மேடம். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, மேசையில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலம் பொரி. பேசும்போதும் பொரி, திட்டும்போதும் பொரி.

அவர்கள் தேடுகிற மருந்து காலா அஜார் காய்ச்சலுக்கு. மணல் ஈ கடித்து வருவது. வயிறு வீங்கி, உடம்பு கறுத்து, பீகார் பக்கமும் வங்காளத்துக் கிராமங்களிலும் ஏழைபாழைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இருக்கிற மருந்துகள் எல்லாருக்கும் கேட்பதில்லை, பெரும்பாலும் ஊசி வேறு. எல்லாருக்கும் கேட்கிற, விழுங்குகிற மாத்திரையாக ஒன்று கிடைக்காதா என்று இவர்கள் வருஷக்கணக்காகப் புதுப் புது மூலக்கூறுகளைச் செய்து பார்க்கிறார்கள். நித்யா செய்த ஒன்று, பரிசோதனையில் அந்தக் கிருமியை அடியோடு கொன்றுவிட்டது. அவள் ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

ஆனால் இந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒரு மூலக்கூறு வேலை செய்கிறது என்று வெளியே சொல்வதற்கு முன்னால், குழுவில் வேறொருவர் அதை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். எழுதி வைத்த செய்முறையை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். முதலில் செய்தவர் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. இரண்டு பேர் செய்ததும் ஒன்றுபோல வேலை செய்தால்தான் கணக்கு.

நித்யாவின் மூலக்கூறை மறுபடி செய்கிற முறை தன்மய் என்ற பையனுக்கு வந்திருந்தது. பாங்குராக்காரன், ஒல்லி, பேச்சு குறைவு. நான் போன அன்றைக்கு அவன் கடைசிப் படியில் இருந்தான். நித்யா வராந்தாவில், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தாள். எனக்குத் தடை இல்லையாம். ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள்.

தன்மய் ஒரு கண்ணாடிப் புனலில் எதையோ குலுக்கி, அடியில் இறங்குகிற தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திருப்தி இல்லை. மறுபடி கழுவினான். மறுபடி பார்த்தான். அரிசி களைகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடாத ஆட்கள் உண்டே, அந்த ரகம். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் ஒரு குடுவையின் உள்சுவரைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டத் தொடங்கினான். எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். திடீரென்று, மைசூர்பாகுக்குப் பாகு பூக்குமே, அப்படி உள்ளே வெள்ளையாகப் பூத்து இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் என்னை மறந்து தட்டினேன்.

அந்த அறையில் உயரமான தட்டு ஒன்றில் சின்னச் சின்னக் குப்பிகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை பொடி. மதியம் நித்யாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் செத்ததுக சித்தி. நல்லாத் தொடங்கி, பொறவு ஒண்ணுக்கும் ஆகாம போனது."

"பொறவு எதுக்கு வச்சிருக்கிய?"

"மறக்கக் கூடாதுல்லா. ஒவ்வொண்ணுக்கும் ஷ்ராத்தோ நடத்திருக்கோம். அதான், கருமாதி. யாரு மூலக்கூறு செத்துதோ அவங்கதான் எல்லாருக்கும் சாப்பாடு போடணும்."

"சீ, என்ன பேச்சு இது" என்றேன். சாவை வைத்துப் பிழைக்கிறவள் நான், எனக்கே நெஞ்சு சுருக்கென்றது.

மூன்றாம் நாள் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற வேலை. கிருமியை வளர்த்துச் சோதிக்கிற இடம் ஊரின் வேறொரு மூலையில் இருந்தது. நித்யா செய்ததும் தன்மய் செய்ததுமாக இரண்டு குப்பிகள், கரைசலாக்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு என் மடியில் வைத்தாள். நாங்கள் ஏறிய ஷேர் ஆட்டோ கரியாஹாட் முனையில் ஒரு ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. கொடி, கோஷம், நடுவில் மேளம் வேறு. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஊர்வலத்தில் வந்த ஒருத்தரோடு கால்பந்து பேசப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் என் பெட்டியை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பெட்டியில என்ன மீனுன்னு கேக்காங்க" என்று நித்யா சிரித்தாள். மருந்து என்று அவரிடம் சொன்னாள். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். நித்யா அதை எனக்குச் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நமக்குத் தெரியாதவங்களுக்கு" என்று சொன்னாள். அம்மாள் இறங்குகிற வரைக்கும் என் கையை விடவில்லை.

முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை ஊர் சுற்றினேன். டாக்குரியா ஏரிக்கரையில் காலை நடை, மெட்ரோவில் தப்பான பக்கம் ஏறி இறங்கியது, நொலேன் குர் என்கிற புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பை அளவில்லாமல் தின்றது எல்லாம் நடந்தது. சாயங்காலம் ஆய்வகப் பிள்ளைகள் தெருமுனையில் டீக்குக் கூடுவார்கள். நானும் போய்விடுவேன். ஒருத்தனுடைய சோதனை ஐந்து மாதமாக வரவில்லை என்று, கிரிக்கெட்டில் தோற்றதைச் சொல்வது போலச் சொல்வான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்துகொண்டே, நாளைக்கு என்ன மாற்றிப் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் தொழிலில் ஒரு பாலிசி கைநழுவினால் பக்கத்து ஏஜெண்டிடம் மூச்சுவிட மாட்டோம். இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நித்யாவின் குப்பி கிருமியைக் கொன்றிருந்தது. தன்மயின் குப்பி ஒன்றுமே செய்யவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றியது போலக் கிருமி சுகமாக வளர்ந்திருந்தது.

நித்யா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டும் ஒரே பொருள் என்று கருவிகள் சொல்லிவிட்டன. அப்படியானால் ஒன்று கொல்வதும் ஒன்று கொல்லாததும் எப்படி? எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் தகராறு தெரியும்.

"நித்யா, நீ எத்தன தடவ கழுவணும்னு எழுதி வச்சிருந்த?"

"ரெண்டு. ஏன் சித்தி?"

"அவன் அதுக்கு மேலயே கழுவினான். நான் கண்ணால பாத்தேன்."

நித்யா தன்மயைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒப்புக்கொண்டான். "இரண்டு தடவைக்கு அப்புறமும் தண்ணீரில் ஒரு நீலம் இருந்தது, மாஷி. அப்படியே விட எனக்குக் கை வரவில்லை. எழுதியபடிதான் செய்திருக்க வேண்டும். தப்புதான்." கூடுதல் சுத்தமாக இருந்ததற்கு ஒருவன் மன்னிப்புக் கேட்டதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்த மூலக்கூறு செய்கிற கடைசிப் படியில் செம்பு உப்பு ஒன்றைத் துணைக்குச் சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் செம்பு ஒட்டிக்கொண்டிருந்தால், இவர்கள் வழக்கமாகப் பார்க்கிற கருவிகளில் அது தெரியாது. செம்பு கிருமிகளைக் கொல்லக்கூடியது, ஆனால் மருந்தாக விழுங்கக் கொடுக்க முடியாதது. அப்படியானால் கொன்றது மூலக்கூறா, செம்பா?

மேடம் ஊரில் இல்லை. போனில், "திங்கட்கிழமை வருகிறேன். தன்மய் செய்தது விதிப்படி செல்லாது. மற்றதை வந்து பேசுவோம்" என்றார்.

எனக்கு அது போதும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் முழுத் திறமையையும் காட்டினேன். "செல்லாதுன்னு மேடமே சொல்லிட்டாங்க. வேற ஒரு பிள்ள, நீ எழுதினபடி ரெண்டே ரெண்டு தடவ கழுவட்டும். உன்னது மாதிரியே வரும். நீ பொய் சொல்லல, ஒண்ணும் சொல்லல. விதிப்படி எல்லாம் சரி. சித்திரையில வேலைக்குச் சேந்துரு. அம்ம தனியா கெடக்கா."

நித்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "விதிப்படி சரிதான் சித்தி" என்றாள். அவள் மனம் இளகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் என்னை எழுப்பி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். தன்மயும் வந்திருந்தான். நித்யா தன்னிடம் மிச்சம் இருந்த பொடி முழுவதையும் கரைத்துப் புனலில் ஊற்றி, கழுவுகிற மருந்தைச் சேர்த்துக் குலுக்கினாள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அடியில் இறங்கிய தண்ணீரில் நீலம். சொட்டுநீலம் ஒரு துளி விட்ட மாதிரி, அத்தனை லேசாக.

அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். நீலம் போகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஏட்டி, இதுவும் செத்துப்போனா?"

"செத்தா செத்தது சித்தி. ஆட்டோவுல ஒரு அம்மா உன் கையப் பிடிச்சாங்கல்லா, அவங்க வீட்டுல யாருக்காவது இதக் குடுத்தா, கேக்குமா கேக்காதா? அதுதான எனக்குத் தெரியணும்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, கூடவே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அந்த அறைக்குள் ஆளைக் கட்டிப்பிடிக்கக் கூடாதாம், கையுறையில் மருந்து இருக்கும்.

கழுவின பொடியை அவளும் தன்மயும் சேர்ந்தே சோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை மேடம் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். நான் திரும்புகிற நாளைத் தள்ளிப்போட்டேன். அடுத்த முடிவு வந்தபோது நாங்கள் நினைத்ததுதான். கழுவின பொடி ஒரு கிருமியைக்கூடக் கொல்லவில்லை. மேடம் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பொரிப் பொட்டலத்தை நித்யா பக்கம் நகர்த்தினார். அந்தப் பொட்டலத்தை அவர் யாருக்கும் நகர்த்தி நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

"தெரியும் மேடம்."

"சாப்பாடு எப்போது?"

சாப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை செத்த வீட்டில் தாயைச் சமைக்க விடுவோமா? பவானிபூரில் ஒரு தமிழர் கடை என்று கேள்விப்பட்டுத் தேங்காயும் முருங்கைக்காயும் தேடிப் போனேன். கடைக்காரரின் மகன் தமிழில் "வாங்கோ" என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பேரத்தை வங்காளத்தில் நடத்தினான். மாஷிமாவின் அடுப்பில் தேங்காய்ப்பால் பிழிந்து, பாசிப்பருப்பு போட்டுச் சொதி வைத்தேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற குழம்பு. கருமாதிக்கு வைத்தேன் என்று தெரிந்தால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். உருளைக்கிழங்கை மட்டும் இரண்டு பங்காகப் போட்டேன்.

ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் காகிதத் தட்டுகளோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் ஒருத்தர் இறந்த மூலக்கூறின் கதையைச் சொல்ல வேண்டுமாம். தன்மய் எழுந்தான். எந்த மழைக்காலத்தில் பிறந்தது, எப்படிப் படுத்தியது, எத்தனை அழகாகப் படிகமானது என்று சொல்லிக்கொண்டே வந்து, "மரணத்துக்குக் காரணம், குளிப்பாட்டியது" என்று முடித்தான். அறையே வெடித்துச் சிரித்தது. எல்லாருக்கும் மேலே கேட்டது நித்யாவின் சிரிப்புதான். மேடம் சொதியை மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. வராந்தாவுக்குப் போனேன். நித்யாவும் பின்னாலேயே வந்து தூணில் சாய்ந்து நின்றாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ இவ பாட்டுக்கு இருந்திருந்தா பாஸாயிருப்பாளா?"

"ஆயிருப்பா எக்கா."

"வேலையும் கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

"அந்த மேடந்தான் கழுவச் சொன்னாங்களாக்கும்."

"அவங்க ஊருல இல்ல. யாரும் சொல்லல, இவளாத்தான் செஞ்சா. நான் வேண்டாம்னு எவ்வளவோ பேசிப் பாத்தேன். கேக்கல."

அக்காவின் குரல் ஏறியது.

"நீ என்னளா சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"புத்தி இருக்கா உனக்கு? அது நோயாளிக்கு உள்ள மருந்து. அதுல போயி அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லிருக்க! கூட்டிட்டு வான்னா, இப்படித்தான் கூட்டிட்டு வரச் சொன்னனா? போன அவகிட்ட குடு."

கொடுத்தேன். அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீலத்தைப் பார்த்தபோது அழாதவள், இரண்டாவது முடிவு வந்தபோதும் அழாதவள், தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரிம்மா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "சரிம்மா. நீ சொன்ன மாதிரி, சரியாச் செஞ்சு முடிச்சிட்டே வாரேன்."